கட்சி யாருடைய சொத்து?
புகழ்பெற்ற முதலாளிகளின் ஜனாதிபதிக் கனவும் அவர்கள் நுழைந்த கட்சிகளும்

2024 ஆகஸ்ட் 6ஆம் திகதி. ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. பொதுஜன பெரமுனவின் வேட்பாளர் இவர்தான் எனப் பரவலாகப் பேசப்பட்டுவந்த கோடீஸ்வர வர்த்தகர் தம்மிக்க பெரேரா, தனிப்பட்ட காரணங்களால் தாம் போட்டியிடப் போவதில்லை என்று கட்சிக்கு எழுதினார். மறுநாளே நாமல் ராஜபக்ஷவின் பெயர் அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 21ஆம் திகதி வாக்கெடுப்பில் நாமலுக்குக் கிடைத்தவை 342,781 வாக்குகள், அதாவது 2.57 சதவீதம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே கட்சியின் வேட்பாளர் கோட்டாபய ராஜபக்ஷ 69 லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தார்.

வர்த்தகர் நின்றிருந்தால் கட்சி தப்பியிருக்குமா? இன்னும் வேகமாகக் கரைந்திருக்குமா? கொழும்பில் இது தேர்தல் கணக்கு. நோர்வூட், டிக்கோயா பக்கம் இதற்கு இன்னொரு முகம் உண்டு. தம்மிக்க பெரேரா பெரும்பங்கு வைத்திருக்கும் ஹேலீஸ் குழுமத்தின் களனிவெளி பெருந்தோட்டக் கம்பனியிடம்தான் இன்ஜெஸ்ட்ரி, போடைஸ், டில்லரி போன்ற தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பெயர் பதிந்து கொழுந்து எடுக்கும் ஒருவருக்கு, வாக்குச்சீட்டில் வரவிருந்த பெயர் சம்பளச்சீட்டுக்கும் தூரத்து உறவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்ட விளக்கங்கள் இந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பழைய கேள்வி

புகழ்பெற்ற முதலாளி ஒருவர் நுழைந்தால் கட்சிக்கு என்ன ஆகும் என்பது டொனால்ட் ட்ரம்பின் வருகையோடு பிறந்த கேள்வி எனப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1872இல் நியூயோர்க் ட்ரிபியூன் பத்திரிகையின் நிறுவனர் ஹொரஸ் கிரீலி, தம் குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்த அணியின் வேட்பாளராக நின்றார். எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியும் அவரையே ஏற்றது. படுதோல்வி. ஜனாதிபதியை முறைப்படி தெரிவு செய்யும் தேர்வாளர்கள் வாக்களிக்கும் முன்பே அவர் இறந்துபோனார், அந்த அணியும் கலைந்தது. 1904இல் பத்திரிகை அதிபர் வில்லியம் ரண்டோல்ஃப் ஹேர்ஸ்ட் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்று தோற்றார். 1916இல் ஹென்றி ஃபோர்ட் பிரசாரமே செய்யாமல் மிச்சிகனின் குடியரசுக் கட்சி முன்தேர்தலில் (கட்சியின் வேட்பாளரை வாக்காளர் தெரிவு செய்யும் தேர்தல்) வென்றார். அதற்கு மேல் அது போகவில்லை.

இவர்களில் நின்று கவனிக்க வேண்டியவர் வென்டெல் வில்கி. மின்சாரக் கம்பனித் தலைவர். எந்தப் பதவிக்கும் முன்னர் போட்டியிட்டதில்லை. 1939 வரை ஜனநாயகக் கட்சிக்காரர். 1940இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் ஆறாவது சுற்று வாக்கெடுப்பில் வேட்பாளரானார். ரூஸ்வெல்ட்டிடம் தோற்றாலும் ஏறத்தாழ இரண்டேகால் கோடி வாக்குகள் பெற்றார். நான்கு ஆண்டு கழித்து அதே கட்சியிடம் மீண்டும் வந்தபோது விஸ்கொன்சின் முன்தேர்தலில் ஒரு மாநாட்டுப் பிரதிநிதிகூடக் கிடைக்காமல் விலகினார். கட்சி அவரை ஒரு முறை பயன்படுத்திவிட்டுத் தன் வழியே போனது. ட்ரம்பின் காலத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இரண்டுக்கும் இடையே என்ன மாறியது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள்.

கட்சியே தீர்மானிக்கும் என்றவர்கள்

2008இல் நான்கு அமெரிக்க அரசியல் அறிஞர்கள், ‘கட்சியே தீர்மானிக்கிறது’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார்கள். மாநாட்டு அறைகளில் வேட்பாளரைத் தெரிவு செய்யும் வழக்கம் போய் முன்தேர்தல்கள் வந்தபிறகும், ஆளுநர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், நன்கொடையாளர்கள், அமைப்புகள் ஆகியோரின் வலை வாக்களிப்புக்கு முன்பே ஆளைத் தெரிந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். அதன்படி வெளியாள் ஒருவரால் சத்தம் எழுப்பலாம், கட்சியைத் தொட முடியாது.

2016 இந்த வாதத்தை உலுக்கியது. பதினேழு பேர் போட்டியிட்ட களத்தில், கட்சிப் பெரியவர்களின் ஆதரவு ஏறத்தாழ இல்லாமலே ட்ரம்ப் வென்றார். முன்தேர்தல் வாக்குகளில் அவருடைய மொத்தப் பங்கு பாதியைத் தொடவில்லை. எதிரிகள் பிரிந்து நின்றதும், பல மாநிலங்களில் முதலிடம் பெற்றவரே பெரும்பங்குப் பிரதிநிதிகளை அள்ளும் விதிகள் இருந்ததும் அவருக்குக் கைகொடுத்தன. 2004 முதல் தொலைக்காட்சியில் ஆட்களை வேலையிலிருந்து நீக்கும் முதலாளியாக வீடுவீடாக அறிமுகமாகியிருந்ததால், கட்சியின் வலை செய்யும் அறிமுக வேலை அவருக்குத் தேவைப்படவில்லை. ஆக, அந்த நூல் முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. பெரியவர்கள் ஒன்றுபட்டால் தீர்மானிப்பார்கள் என்பதே அதன் உள்ளடக்கம். அந்த முறை அவர்கள் ஒன்றுபடவில்லை. ஒன்றுபடாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நூலிடம் பதில் இல்லை என்பதே அதன் உண்மையான பலவீனம்.

கைப்பற்றினாரா, வெளியே கொண்டுவந்தாரா?

ட்ரம்ப் கட்சியைக் கைப்பற்றிவிட்டார் என்பவர்களிடம் வலுவான சான்றுகள் உண்டு. 2012 தோல்விக்குப் பின் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு 2013இல் வெளியிட்ட மீளாய்வு, குடிவரவுச் சீர்திருத்தத்தை ஆதரித்து லத்தீன் அமெரிக்க வாக்காளரை நெருங்கும்படி சொன்னது. 2015 ஜூன் 16ஆம் திகதி ட்ரம்ப் தன் கோபுரத்தில் தொடங்கிய பிரசாரம் அதற்கு நேரெதிர்த் திசையில் போனது. கட்சியும் பின்னால் போனது. 2020இல் கட்சி புதிய கொள்கை அறிக்கையே வெளியிடவில்லை, ஜனாதிபதியின் திட்டத்தை ஆதரிப்பதாகத் தீர்மானம் போட்டதோடு நிறுத்திக்கொண்டது. 2021 ஜனவரியில் அவருக்கு எதிரான குற்றப் பிரேரணைக்கு வாக்களித்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் பத்துப் பேரில், அடுத்த தேர்தலுக்குப் பின் அவையில் மிஞ்சியவர்கள் இருவர்தான். 2024 மார்ச்சில் அவருடைய மருமகள் லாரா ட்ரம்ப் தேசியக் குழுவின் இணைத்தலைவரானார். குடும்பம் கட்சி அலுவலகத்துக்குள் வந்து உட்காரும் இந்தக் காட்சி அமெரிக்கர்களை அதிரவைத்தது. நமக்கு அது பழகிய காட்சி.

மறுதரப்பு, அவர் எதையும் கொண்டுவரவில்லை, அடியில் கிடந்ததை மேலே எடுத்தார் என்கிறது. 1992, 1996 முன்தேர்தல்களில் பட் புக்கானன் குடிவரவுக்கும் தடையற்ற வர்த்தகத்துக்கும் எதிராகப் பேசியே வாக்குத் திரட்டினார். 2009இல் எழுந்த ‘டீ பார்ட்டி’ இயக்கம் (பெயரில் தேயிலை இருந்தாலும் நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) கட்சித் தலைமைக்கு எதிராகத் தொண்டர்களைத் திருப்பியிருந்தது. ஆகவே கட்சியின் அடித்தளம் வேறு, மேல்தளம் வேறு என ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது என்பது இவர்கள் வாதம்.

இதிலும் ஓட்டை உண்டு. தடையற்ற வர்த்தகம் பற்றிய குடியரசுக் கட்சி வாக்காளரின் கருத்து ட்ரம்பின் பிரசாரத்தோடுதான் சட்டென்று சரிந்தது. ஆதரவாளர் தலைவரைத் தேடிப் போனது ஒரு பாதி, தலைவர் சொன்னதை ஆதரவாளர் ஏற்றது மறுபாதி. இந்த இரண்டையும் பிரித்து அளக்கும் வழி இன்னும் கிடைக்கவில்லை. விளைவு மட்டும் தூரத்து நாடுகளையும் தொட்டது: சுங்கவரியை வெறுத்த கட்சி ஒன்றின் ஜனாதிபதி 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி அறிவித்தார். பேச்சுவார்த்தைகளுக்குப் பின் அது 20 ஆகக் குறைந்தது.

கட்சியே கம்பனியானால்

மூன்றாவது பார்வை ஐரோப்பாவில் பிறந்தது. 1992இல் வெடித்த ஊழல் வழக்குகளில் இத்தாலியின் பழைய கட்சிகள் நொறுங்கியபோது, தொலைக்காட்சி அதிபர் சில்வியோ பெர்லுஸ்கோனி 1994 ஜனவரியில் ‘ஃபோர்சா இத்தாலியா’வோடு களம் இறங்கி மார்ச்சில் தேர்தலை வென்றார். வேட்பாளர் தேடலிலும் பிரசார ஏற்பாட்டிலும் அவருடைய விளம்பரக் கம்பனி ஊழியர்கள் முன்நின்றார்கள். இத்தகைய கட்சிக்கு ஆய்வாளர்கள் ஹொப்கினும் பவுலுச்சியும் 1999இல் ‘வர்த்தக நிறுவனக் கட்சி’ என்று பெயரிட்டார்கள். முதலாளி போனால் கட்சியும் போகும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பின் சாரம். பெர்லுஸ்கோனி 2023 ஜூனில் இறந்தார். கட்சி சிறுத்துப்போனாலும் இன்னும் ஆளும் கூட்டணியில் இருக்கிறது.

எதிர்பார்ப்பு அப்படியே பலித்தது அமெரிக்காவின் ரொஸ் பெரோவிடம். 1992இல் சுயேச்சையாக 18.9 சதவீதம் பெற்றார். அதன்பின் தொடங்கிய சீர்திருத்தக் கட்சியில் 1996இல் 8.4. அவர் ஒதுங்கியபின், 2000இல் அதே கட்சியில் நின்ற புக்கானனுக்கு அரை சதவீதமும் இல்லை. அந்த ஆண்டு அக்கட்சியின் வேட்பாளராகலாமா என்று சில மாதம் பார்த்துவிட்டு விலகியவர் ட்ரம்ப். தனிக்கட்சி வேண்டாம், பெரிய கட்சியே வேண்டும் என்ற பாடத்தை அவர் அங்கே படித்தார் என்று பலர் ஊகிக்கிறார்கள். ஊகம்தான்.

இலங்கையில் மூவர்

1978 அரசியலமைப்புக்குப் பின் இலங்கையில் வர்த்தகர் ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் வென்றதில்லை. நெருங்கிவந்தவர்கள் மூவர், மூவரும் மூன்று தூரம் வந்தார்கள்.

முதலாமவர் உபாலி விஜேவர்தன. கண்டோஸ் சொக்லேட்டும் டெல்டா டொபியும் உபாலி ஃபியட் காரும் பந்தயக் குதிரைகளுமாக 1970களில் நாட்டின் ஒவ்வொரு கடைத்தெருவுக்கும் தெரிந்த பெயர். ஜே.ஆர். ஜயவர்தனவின் உறவினர். 1978இல் அமைந்த பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1981இல் ‘திவயின’, ‘தி ஐலன்ட்’ பத்திரிகைகளைத் தொடங்கினார். கம்புருப்பிட்டியத் தொகுதியில் அவர் கண் இருந்தது வெளிப்படை. அதற்கப்பால் ஜனாதிபதிப் பதவியிலும் இருந்தது எனப் பேசப்பட்டது. நிதி அமைச்சர் ரொனி டி மெல்லுடனான பகை ஊரறிந்தது. 1983 பெப்ரவரி 13ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய லியர் ஜெட் விமானம் மலாக்கா நீரிணைப் பகுதியில் காணாமற்போனது. ஆகவே அவர் கட்சிக்குள் என்ன செய்திருப்பார் என்பதைச் சோதிக்க வாய்ப்பே வரவில்லை. ஒன்று மட்டும் கவனிக்கலாம். பணமும் பத்திரிகையும் புகழும் இருந்த ஒருவருக்கு ஐக்கிய தேசியக் கட்சியில் ஒரு சாதாரணத் தொகுதிக்கே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாமவர் தம்மிக்க பெரேரா. மஹிந்த ராஜபக்ஷ காலத்தில் முதலீட்டுச் சபைத் தலைவர், போக்குவரத்து அமைச்சின் செயலாளர். 2022 ஜூனில் பசில் ராஜபக்ஷ விட்டுப்போன தேசியப் பட்டியல் ஆசனத்தில் பாராளுமன்றம் வந்து, முதலீட்டு ஊக்குவிப்பு அமைச்சரானார்; மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்ததற்கு மறுநாள், ஜூலை 10, பதவி விலகினார். வாக்குக் கேட்டு வந்தவர் அல்ல, குடும்பம் விட்டுக்கொடுத்த இடத்தில் அமர்ந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. 2024இல் அவரது பெயர் முன்னே வந்ததும் அதே முறையில்தான். அதற்குள் பெரமுனவின் பாராளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் ரணில் விக்ரமசிங்கவின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். மிஞ்சியிருந்த கட்சிக்குச் செலவு செய்யக்கூடிய வேட்பாளர் தேவைப்பட்டார்.

அவர் விலகியதால் கட்சி வீழ்ந்தது என்ற விளக்கம் சிங்கள, தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. வீழ்ச்சி 2022இலேயே நடந்துவிட்டது. 2020இல் 145 ஆசனம் பெற்ற கட்சி 2024 நவம்பரில் மூன்றுக்கு இறங்கியது. ஆனால் 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் அதே கட்சி ஒன்பது சதவீதத்துக்கு மேல் எடுத்து நிமிர்ந்தது. வர்த்தகர் ஒருவரிடம் கொடுத்திருந்தால் இந்த மீட்சி ராஜபக்ஷ பெயரில் நடந்திருக்குமா என்று கேட்கலாம். பெரமுனவைப் பொறுத்தவரை, நாமலின் 2.57 சதவீதம் தோல்வி மட்டுமல்ல. வீட்டுச் சாவியை வெளியே கொடுக்காததற்குக் கொடுத்த விலையுமாகும்.

மூன்றாமவர் கடைசிவரை போனார். விளம்பரத்துறையில் பெயரெடுத்து, தெரண ஊடகத்தின் முகமாக அறியப்பட்ட திலித் ஜயவீர, சர்வஜன பலய கூட்டணியின் ஆதரவோடு இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளராக நின்று 122,396 வாக்குகள் பெற்றார். ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு மாதத்தில் நடந்த பொதுத் தேர்தலில் கூட்டணியின் வாக்கு 178,006 ஆக உயர்ந்தது, ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம் கிடைத்தது, அதில் அவரே பாராளுமன்றம் போனார். உள்ளூராட்சித் தேர்தலில் வாக்கு இன்னும் கூடியது. ‘வர்த்தக நிறுவனக் கட்சி’ என்ற பெயருக்கு இலங்கையில் மிக அருகில் வருவது இதுதான். அதே நேரம், முதலாளியின் பெயர் சீட்டில் இல்லாத உள்ளூராட்சித் தேர்தலிலும் வாக்கு கூடியது பெரோவின் கதைக்குப் பொருந்தவில்லை.

இங்கே சட்டம் ஒன்று பேசப்படாமல் போகிறது. அரசியலமைப்பின் 31ஆம் உறுப்புரைப்படி, பாராளுமன்ற உறுப்பினராக இருக்காத, இருந்திராத ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்று அவரை நியமிக்க வேண்டும். பெரோ 1992இல் செய்ததுபோல் சுயேச்சையாக இறங்க முடியாது. அதனால் புதியவருக்கு ஏதாவது ஒரு கட்சியின் கூடு தேவைப்படுகிறது. ஆள் நடமாட்டம் குறைந்த பதிவுபெற்ற கட்சிகளுக்கு மதிப்பு ஏறுவதும் இதனால்தான். 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இல் சஜித் பிரேமதாச ஆகிய மூவருமே புதிய ஜனநாயக முன்னணியின் அன்னச் சின்னத்தில் நின்றதை நினைத்தால், சின்னம் இரவல் வாங்குவது வர்த்தகர்களின் பழக்கம் மட்டுமல்ல என்பது தெரியும்.

செலவுக்கும் இப்போது வரம்பு உண்டு. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்ற கணக்கில் வேட்பாளர் ஒருவரின் உச்சவரம்பு ஏறத்தாழ 186 கோடி 80 லட்சம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. சிறிய கட்சிகளுக்கு இது எட்டாத கூரை. கோடீஸ்வரருக்கு அது தலையில் இடிக்கும் கூரையா என்பது வேறு விஷயம்.

சந்தாவும் சின்னமும்

மலையகத்தில் கட்சி என்பதே வேறு வகையானது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தொழிற்சங்கமாக வளர்ந்து கட்சியானது. அதன் கிளை ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவரோடு இருக்கிறது. சந்தா சம்பளத்திலேயே கழிகிறது. ஆகவே பணக்கார வெளியாள் வந்து கைப்பற்றும் கதை இங்கே எளிதில் ஓடாது. ஆனாலும், தொழிலாளரை வழிநடத்திய சௌமியமூர்த்தி தொண்டமான் இறம்பொடை வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளரான கருப்பையாவின் மகன். உடைமை உள்ளவர் உழைப்பவரின் கட்சியைத் தலைமை தாங்குவது இங்கே அந்நியமல்ல. அவரை ஏற்க வைத்தது சொத்தோ புகழோ மட்டும் அல்ல என்றுதான் கணக்கிட வேண்டும்; 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களுக்குப் பேச்சாளர் ஒருவர் தேவைப்பட்ட காலம் அது. அமெரிக்க விளக்கங்கள் எதிலும் இந்த நிலைமைக்கு இடமில்லை.

ஜனாதிபதித் தேர்தலில் மலையகக் கட்சிகள் வேட்பாளரை நிறுத்துவதில்லை, ஆதரவு கொடுத்துப் பேரம் பேசுகின்றன. 2024இல் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜ் நின்றது ஒரு விலக்கு. ஆதரவு கொடுத்தால் வாக்கு போகுமா? 2019இல் காங்கிரஸ் கோட்டாபயவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டம் சஜித்துக்கு 58 சதவீதம் கொடுத்தது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் ரணில் 1,700 ரூபாய் நாட்சம்பளம் அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. காங்கிரஸ் ரணிலோடு நின்றது. மாவட்டத்தில் முதலிடம் மீண்டும் சஜித்துக்கே. அதற்கு இரண்டு மாதத்தில் நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி மாவட்டத்தின் எட்டில் ஐந்து ஆசனங்களை எடுத்தது. நோர்வூட் மைதானத்தில் 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடியைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தை வைத்துத் தொழிற்சங்கங்களின் வாக்கு வங்கியை அளந்தவர்கள் இந்த எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டக் கம்பனிக்கு உரிமையாளரான ஒருவர் பெரமுன வேட்பாளராக வந்து, சங்கமொன்று அவரை ஆதரித்திருந்தால், சேதம் பெரமுனவுக்கு அல்ல, அந்தச் சங்கத்துக்கே முதலில் வந்திருக்கும் என்று கருத இடமுண்டு. சம்பளப் பேச்சில் எதிர் மேசையில் இருப்பவருக்கு வாக்குக் கேட்டு லயத்துக்குப் போவதைத் தோட்டத் தலைவர்கள் எப்படி விளக்கியிருப்பார்கள்?

எஞ்சி நிற்பவை

மூன்று பார்வைகளையும் இலங்கையில் வைத்துப் பார்த்தால், முதலாவது ஓரளவு பொருந்துகிறது, சிறு திருத்தத்தோடு: இங்கே தீர்மானிப்பது கட்சியின் வலை அல்ல, குடும்பம். முன்தேர்தல் முறை இல்லாததால் ட்ரம்புக்குத் திறந்த கதவு உபாலிக்கோ தம்மிக்கவுக்கோ திறந்திருக்கவில்லை. முதலாளிகள் கட்சிகளை மாற்றுவதைவிட, கட்சி யாருடைய கையில் இருந்தது என்பதையே அவர்களின் வருகை வெளிப்படுத்தியது என்பது இக்கட்டுரையின் கணிப்பு. மூன்று பேரை வைத்துச் செய்த கணிப்பு, அதிலும் ஒருவர் வாக்குச்சீட்டுக்கு வரவேயில்லை, இன்னொருவர் வாசலோடு திரும்பினார். ஆகவே இதற்கு மேல் அழுத்திச் சொல்ல முடியாது.

தேசிய மக்கள் சக்தியின் 159 ஆசனங்கள் குடும்பக் கட்சிகளைச் சுருக்கிவிட்ட நிலையில், காலியான இடத்துக்குப் பணமும் ஊடகமும் உள்ளவர்கள் வருவது சுலபமாகுமா என்பது தெளியவில்லை. இத்தாலியின் 1994 அப்படித்தான் தொடங்கியது. திலித் ஜயவீரவின் கட்சி, அவர் போட்டியிடாத ஒரு தேசியத் தேர்தலை இன்னும் சந்திக்கவில்லை. நிறைவேற்று ஜனாதிபதி முறை உண்மையிலேயே ஒழிக்கப்பட்டால் இந்தக் கேள்வியின் அரைவாசி காணாமற்போகும், அந்த வாக்குறுதியோ 1994இலிருந்து நிலுவையில் கிடக்கிறது. மலையகத்திலோ, சங்கத்துக்குச் சந்தா ஒருபக்கமும் வாக்கு வேறுபக்கமும் போகும் பழக்கம் 2024இன் விதிவிலக்கா, நிரந்தரமா என்பதை 2018இல் உருவான நோர்வூட் பிரதேச சபை போன்ற சிறு களங்களின் அடுத்தடுத்த முடிவுகளில்தான் தேட வேண்டியிருக்கும்.